கோயில் வாசலில் தயங்கி நிற்பவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களைப் படித்து முடித்தபோது ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதியவர்களில் பலரை யாரும் விலக்கி வைக்கவில்லை, அவர்களாகவேதான் விலகி நிற்கிறார்கள். யாரோ எப்போதோ சொன்ன பாதி விதியை முழு விதியென்று நம்பி, வருடக்கணக்கில். நான் குருவானவர் இல்லை. பல வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்த ஒரு பொதுநிலையினர், அவ்வளவுதான். அதனால் என் கருத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல், கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமும் போதனையும் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதையும் முடிந்த இடங்களில் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 2020 பொதுமுடக்கத்தின்போது கைபேசியில் திருப்பலி பார்க்கப் பழகினேன். இன்றைக்கும் அப்படித்தான். கோயிலில் குழந்தைகள் அழும், பின்னால் யாராவது பேசுவார்கள். வீட்டில் அமைதியாக இருக்கிறது, பிரசங்கமும் தெளிவாகக் கேட்கிறது. இது போதாதா?

நீங்கள் படுக்கையில் இருப்பவர் என்றாலோ, அப்படி இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர் என்றாலோ, ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் போக வேண்டும் என்கிற ஞாயிறு கடமை உங்களைக் கட்டுப்படுத்தாது. குற்ற உணர்வே வேண்டாம், நிம்மதியாகப் பாருங்கள். ஆனால் கடிதத்தைப் படித்தால் உங்களால் போக முடிகிறது என்றுதான் தெரிகிறது. அப்படியென்றால் போதாது, சகோதரி.

2020 மார்ச் 27 மாலை திருத்தந்தை பிரான்சிஸ் மழையில், ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று செபித்ததை நாம் எல்லோரும் திரையில்தான் பார்த்தோம். அந்தத் திரை அன்றைக்கு நமக்குப் பெரிய கொடை, நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அன்று நம் கண் கலங்கியதே அந்தச் சதுக்கம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துத்தானே?

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணி செய்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு அம்மா இருந்தார். ஞாபகமெல்லாம் போய்விட்டது, பெற்ற மகளையே யாரென்று கேட்பார். அவர் அறைத் தொலைக்காட்சியில் திருப்பலி ஓடிக்கொண்டிருக்கும், அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், அதிலிருந்து ஒரு வார்த்தைகூட அவரிடம் போய்ச் சேராது. நான் சிமிழைத் திறந்து, அப்பத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொன்னதும் தலை திரும்பும். "ஆமென்" என்பார். சின்ன வயதில் பழகியபடி கண்ணை மூடி நாக்கை நீட்டுவார். அப்பம் உள்ளே போனதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் இதேதான் நடந்தது. எந்தத் திரையாலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் நற்கருணை பார்க்கிற விஷயம் இல்லை, வாங்கி உண்கிற விஷயம்.

ஞாயிறு காலை கூட்டம் தாங்கவில்லை என்றால் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போங்கள், அதுவும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்று சட்டமே சொல்கிறது. குழந்தை அழுவதைப் பற்றி ஒன்று: அந்தக் குழந்தையின் அம்மாவும் பிரசங்கத்தைக் கேட்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள், இருந்தும் வந்திருக்கிறாள்.

கேள்வி: எனக்கு விவாகரத்து ஆகி ஆறு வருடம். மறுமணம் செய்யவில்லை. விவாகரத்து ஆனவர்கள் நற்கருணை வாங்கக்கூடாது என்று பங்கில் ஒருவர் சொன்னதால் அன்றிலிருந்து வாங்குவதில்லை. ஆறு வருடமாக எல்லோரும் வரிசையில் போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களிடம் அப்படிச் சொன்னவருக்கு விஷயம் தெரியாது. இதை எழுதும்போது எனக்குக் கோபமாகவே வருகிறது. நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியது மட்டுமே ஒருவரை நற்கருணையிலிருந்து விலக்காது. அதிலும் கைவிடப்பட்டவர், அடிபட்டு வெளியே வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் திருமணம் திருச்சபையின் பார்வையில் நிலைத்திருக்கும்போது மறுமணம் செய்து வாழ்வதில்தான் சிக்கல் வருகிறது. நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை. ஒரு நல்ல ஒப்புரவு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம், செய்துவிட்டு வருகிற ஞாயிறே வரிசையில் போய் நில்லுங்கள்.

அப்புறம், அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாததா என்று மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்தில் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. இது கத்தோலிக்க விவாகரத்து இல்லை. கட்டாயப்படுத்தி நடந்ததா, முக்கியமான ஒன்றை மறைத்து ஏமாற்றினார்களா, திருமணப் பொறுப்பை ஏற்கும் மனநிலையே ஒருவருக்கு இல்லாமல் இருந்ததா, இப்படித் திருமண நாளன்று கொடுத்த சம்மதம் உண்மையான சம்மதமா என்பதைத்தான் விசாரிப்பார்கள். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே மாதிரி தீர்ப்பு சொல்ல வேண்டும். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மாற்றினார், இப்போது ஒரு தீர்ப்பே போதும், கூடியவரை கட்டணம் இல்லாமல் நடத்த வேண்டும் என்றும் சொன்னார். திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆகிவிடுவார்களா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆக மாட்டார்கள், திருச்சபைச் சட்ட எண் 1137 அதற்கு இடமே கொடுக்கவில்லை.

மறுமணம் செய்துகொண்ட சிலரும் இதே கேள்வியை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வரியில் ஆம் அல்லது இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். 2016இல் குடும்பம் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய திருத்தூது ஊக்கவுரை, உங்களை வெளியே தள்ளக்கூடாது, ஒரு குருவானவர் கூடவே நடந்து ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியாகத் தேர்ந்து தெளிய வேண்டும் என்கிறது. பொறுமையான ஒரு குருவைத் தேடிப் பிடியுங்கள். ஒருவர் சரியாகப் பேசவில்லை என்றால் இன்னொருவரிடம் போங்கள்.

கேள்வி: இறந்துபோன அப்பாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க ஆசை. காணிக்கை கொடுக்கும் நிலையில் இப்போது நான் இல்லை. கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். காணிக்கை தராவிட்டாலும் ஏழைகளின் கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றும்படி திருச்சபைச் சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது (எண் 945). வறுமையால் யாருக்கும் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருளடையாளங்கள் மறுக்கப்படக்கூடாது என்பதும் சட்டம்தான் (எண் 848). அப்பாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: என் தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அடக்கத்தன்று உறவினர் ஒருவர், இவனுக்கெல்லாம் பூசையே வைக்கக்கூடாது, நேராக நரகம்தான் என்று எல்லோர் முன்பும் சொன்னார். அம்மா அன்றிலிருந்து கோயிலுக்குப் போவதில்லை.

முதலில் அம்மாவிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, அந்த உறவினர் சொன்னது திருச்சபையின் போதனை இல்லை. ஒரு காலத்தில், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில், தெரிந்தே தன்னுயிரை மாய்த்தவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு கிடையாது என்று இருந்தது உண்மை. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2282, 2283 எண்களை எடுத்துப் பாருங்கள். கடுமையான மனநோய், தாங்க முடியாத வேதனை, பயம் ஆகியவை ஒருவருடைய பொறுப்பைக் குறைத்துவிடும் என்று அங்கே இருக்கிறது. இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்கள் மனம் திரும்ப வாய்ப்புத் தரமுடியும், அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் இருக்கிறது. உயிரை மாய்ப்பது சரி என்று திருச்சபை சொல்லவில்லை, ஒருநாளும் சொல்லாது. ஆனால் உங்கள் மகனுடைய கடைசி நொடியை எழுதி முடிக்கும் உரிமையை அது எந்த உறவினருக்கும் கொடுக்கவில்லை.

பிரான்சில் பங்குக் குருவாக இருந்த புனித ஜான் மரிய வியான்னியைப் பற்றி வழிவழியாக ஒன்று சொல்வார்கள். கணவனை இப்படிப் பறிகொடுத்த ஒரு பெண் அவரிடம் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே, உன் கணவன் காப்பாற்றப்பட்டுவிட்டான், கடைசி நொடியில் மனம் வருந்த அவனுக்கு நேரம் இருந்தது என்று அவர் சொன்னாராம்.

தம்பியின் பெயரைச் சொல்லித் திருப்பலி வையுங்கள், பெயரை மறைக்க வேண்டாம். அக்கா, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர்களின் மனமும் ஆபத்தில் இருக்கும். செபத்தோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். படித்தவனாக இருந்துகொண்டு எப்படிக் கோயிலுக்குப் போகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கலிலியோவை வேறு இழுக்கிறார்கள்.

தம்பி, கலிலியோ விஷயத்தில் மழுப்ப வேண்டாம். 1633இல் திருச்சபை அவருக்குத் தீர்ப்பு எழுதியது தவறு, அதை 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 359 வருடம் ஆனது என்று நண்பர்கள் சொன்னால், ஆமாம், மிகவும் தாமதம்தான் என்று நீங்களும் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் பாடப்புத்தகத்தில் பிரபஞ்சம் விரிவடைகிறது என்று ஒரு பாடம் இருக்குமே, அதை 1927இலேயே ஆய்வுக்கட்டுரையாக எழுதியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமெத்ர், ஒரு கத்தோலிக்கக் குரு. இன்றைக்குப் பெருவெடிப்பு என்கிற கருத்தின் தொடக்கமும் அவருடைய 1931ஆம் ஆண்டுக் கட்டுரையில்தான் இருக்கிறது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியல் கண்டுபிடிப்பைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது, லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு விசுவாசத்தை நிரூபிக்கவும் வரவில்லை, மறுக்கவும் வரவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காலையில் திருப்பலி வைத்துவிட்டுப் பகலில் சமன்பாடு போட்டார், இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரிகோர் மெண்டல் அகுஸ்தினார் சபைத் துறவி, பட்டாணிச் செடிகளை வளர்த்தது மடத்துத் தோட்டத்தில்.

நண்பர்களை வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். நன்றாக இயற்பியல் படியுங்கள், நன்றாகச் செபம் செய்யுங்கள், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: குழந்தைகளுக்குப் பாலியல் கொடுமை செய்த குருக்களைப் பற்றி எத்தனை செய்திகள். அதைவிட, தெரிந்தே இடம் மாற்றி மறைத்த ஆயர்கள். இந்தத் திருச்சபையில் நான் ஏன் இருக்க வேண்டும்? தயவுசெய்து, எல்லா இடத்திலும்தான் நடக்கிறது என்று மட்டும் பதில் எழுதாதீர்கள்.

எழுத மாட்டேன். அந்தப் பதிலை நானும் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்திருக்கிறது. மற்ற இடங்களில் கொடுமை செய்தவன், கிறிஸ்துவின் பெயரால் கையை உயர்த்தி ஆசீர் கொடுத்துவிட்டு வந்து செய்யவில்லை.

2002இல் பாஸ்டன் நகர நாளிதழ் ஒன்று எழுதிய பிறகுதான் உலகம் இதைப் பெரிய அளவில் கவனித்தது. கவனியுங்கள், வெளியே கொண்டுவந்தது பாதிக்கப்பட்டவர்களும் பத்திரிகைக்காரர்களும். ஆயர்கள் இல்லை. 2021இல் பிரான்சில் ஒரு சுதந்திரமான ஆணையம், 1950 முதல் அங்கே குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறார்கள் சுமார் 2,16,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணைப் படித்த அன்று என்னால் செபமாலை சொல்ல முடியவில்லை. மணிகளைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைகளின் முகங்கள்தான் வந்து வந்து போயின.

என்ன மாறியிருக்கிறது? 2019இல் சில கதவுகள் திறந்தன. அந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்காவில் கர்தினாலாக இருந்த மெக்காரிக், பாலியல் கொடுமைக் குற்றத்துக்காகக் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கப்பட்டார். மே மாதம் வந்த புதிய சட்டப்படி, கொடுமையைப் பற்றியோ அதை மறைத்ததைப் பற்றியோ தெரியவந்தால் குருக்களும் துறவிகளும் மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், புகார் கொடுக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வழி இருக்க வேண்டும், மறைத்த ஆயரையும் விசாரிக்கலாம். இது 2023இல் நிரந்தரச் சட்டமானது. 2019 டிசம்பரில் இந்த வழக்குகளின் விவரங்களை வெளியே சொல்லக்கூடாது என்றிருந்த திருத்தந்தை இரகசியக் காப்பும் எடுக்கப்பட்டது, அதனால் நாட்டின் சட்டப்படி போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் தகவல் தர அந்தக் காப்பைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. இவையெல்லாம் தேவையான மாற்றங்கள். போதுமா என்றால், சட்டம் தாளில் இருப்பதும் ஒரு பங்கில் நடைமுறையாக இருப்பதும் ஒன்றில்லை. உங்கள் பங்கில் புகார் கொடுக்க யாரை அணுக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒரு குழந்தைக்கு ஏதாவது நடந்தது தெரிந்தால் முதலில் போலீசுக்குப் போங்கள், அப்புறம்தான் பங்கு அலுவலகம்.

ஏன் இருக்க வேண்டும் என்றால், நான் எனக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும். நற்கருணை எனக்கு வேறு எங்கும் கிடைக்காது என்பதால் இருக்கிறேன். கொடுமை செய்தவர்களிடமும் மறைத்தவர்களிடமும் என் ஆண்டவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் கோயில் படி ஏற முடியவில்லை என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அவரைத் திரும்பி வா என்று கூப்பிடுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய மன்னிப்பு நிறைய இருக்கிறது. உங்கள் கோபத்தை நல்ல கிறிஸ்தவன் கோபப்படக்கூடாது என்று யாராவது தணிக்க வந்தால் தணியாதீர்கள். சிறியவரை விழச்செய்பவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது நலம் என்று சொன்னவர் யார் என்று அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகள், வயது பன்னிரண்டு, திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச்சிறுமி. நான் ஏன் குருவாக முடியாது என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். கிறிஸ்து பன்னிருவராக ஆண்களையே தேர்ந்தார், அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று திருச்சபை சொல்கிறது, 1994இல் இரண்டாம் யோவான் பவுல் இதை முடிவான போதனையாகவே எழுதினார். இந்தப் பதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வலிக்கும். வலிக்கக்கூடாது என்று அவளிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். உயிர்த்த ஆண்டவர் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மகதலா மரியாவை. போய் என் சகோதரரிடம் சொல் என்று அனுப்பியதும் அவரைத்தான். திருச்சபைக்கே ஆசிரியர்கள் என்று மதிக்கப்படும் புனிதர்களான மறைவல்லுநர்களில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள், ஆவிலா தெரேசா, சியன்னா கத்தரீனா, லிசியு தெரேசா, ஹில்டகார்டு. இதில் முதல் இருவருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 1970 வரை ஆனது. வாசகர், பீடத்துணைவர் பணிகளை நிலையான பொறுப்பாகப் பெண்களுக்கும் கொடுக்கலாம் என்று சட்டம் மாறியது 2021இல், அதுவரை ஏன் ஆனது என்று எனக்கும் புரியவில்லை. 2023 ஆயர் மாமன்றத்தில் முதல்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் அருள்சகோதரி சிமோனா பிராம்பில்லா, உலகெங்கும் உள்ள துறவு சபைகளைக் கவனிக்கும் வத்திக்கான் துறைக்குத் தலைவரானார், ஒரு துறைக்கு இப்படி ஒரு பெண் தலைவராவது அதுவே முதல்முறை.

மகள் பீடத்தருகே நிற்கட்டும், கேள்வியும் கேட்கட்டும். ஷ்ஷ் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் மணக்கப்போகிறவர் வேறு மதத்தைச் சேர்ந்தவர். அவர் ஞானஸ்நானம் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். கட்டாயத்துக்கு வாங்கும் ஞானஸ்நானம் அந்த அருளடையாளத்துக்கே அவமரியாதை. ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்கினால் கோயிலிலேயே முறைப்படி திருமணம் நடக்கும். என் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியது நீங்கள். அவர் எந்த வாக்கும் கொடுக்க வேண்டியதில்லை, நீங்கள் கொடுத்த வாக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளைப் பற்றி இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள், தொட்டில் வந்த பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

கேள்வி: உடலை எரிக்கலாமா?

எரிக்கலாம், 1963இலிருந்தே அனுமதி உண்டு. அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. எரித்தால் சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவாமல், கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

கேள்வி: செபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. கை தானாகக் கைபேசிக்குப் போகிறது. கடவுள் இருக்கிறாரா என்றே சில நாள் சந்தேகம் வருகிறது. விசுவாசம் போய்விட்டதா?

போயிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

குழந்தை தெரேசம்மாள், மேலே சொன்ன லிசியு தெரேசாதான், செப நேரத்தில் தூங்கிவிடுவாராம், அதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார், தூங்கும் பிள்ளையும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று. அதே தெரேசம்மாளின் கடைசி ஒன்றரை வருடம், 1896 பாஸ்காவிலிருந்து (உயிர்ப்புப் பெருவிழா) 1897 செப்டம்பரில் சாகும் வரை, காசநோயோடு சேர்ந்து விண்ணகமே இல்லையோ என்கிற இருட்டு. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள், பல பத்தாண்டுகள் அவர் கடவுளை உணரவே இல்லை என்று அதில் இருந்தது. அத்தனை வருடமும் விடியற்காலையில் எழுந்து முழங்காலில் நின்றிருக்கிறார். எதுவுமே உணராமல் நின்றிருக்கிறார்! எனக்கு அந்தப் புத்தகம் பெரிய ஆறுதல், ஏனென்றால் உணர்ச்சி வற்றிய பிறகும் செபம் செபமாகவே இருக்கும் என்று அதில்தான் நம்பினேன்.

கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். வார்த்தை வரவில்லை என்றால் ஒரு திருப்பாடலை வாய்விட்டு வாசியுங்கள், 88ஆவது திருப்பாடல் இருளில்தான் முடிகிறது, அதுவும் விவிலியத்தில்தான் இருக்கிறது. பத்து நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள், நாளைக்கும் உட்காருங்கள்.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் செய்து பதினான்கு வருடம் ஆகிறது. நேராகக் கடவுளிடமே சொன்னால் ஆகாதா? குரு வெளியே சொல்லிவிட்டால்? வீடியோ அழைப்பில் செய்யலாமா? உண்மையைச் சொன்னால், வெட்கமாக இருக்கிறது.

கடைசி வரிதான் உங்கள் கேள்வி, மற்றவை அதற்குத் துணைக்கு வந்தவை. இருந்தாலும் அவற்றை முதலில் முடித்துவிடலாம்.

வெளியே சொல்ல முடியாது. எந்தக் காரணத்துக்காகவும், எந்த விதத்திலும் ஒரு குரு அதைக் காட்டிக்கொடுக்கக்கூடாது (சட்ட எண் 983). நேரடியாக மீறினால் அந்த நொடியே அவர் திருச்சபைக்கு வெளியே, அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டும்தான். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருடம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னபோதே இந்த இரகசியத்தையும் சேர்த்தே சட்டமாக்கியது. வீடியோ அழைப்பு, கைபேசி, மின்னஞ்சல் எதிலும் செய்ய முடியாது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002இலேயே எழுதிவிட்டது. நேராகக் கடவுளிடம் சொல்லுங்கள், இன்று இரவே சொல்லுங்கள், அது நல்லதுதான். ஆனால் நான் என் அனுபவத்தில் கண்டது, என் மனதுக்குள் நான் கேட்கும் மன்னிப்பை நானே கொடுத்துக்கொள்கிறேனோ என்கிற சந்தேகம் போகவே போகாது. இன்னொருவர் வாயிலிருந்து என் காதில் விழ வேண்டும்.

இப்போது வெட்கம். எனக்கு ஒன்பது வருட இடைவெளி. அத்தனை நாள் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்துகொண்டே, நான் போகவில்லை. காரணம் ஒரு பாவம், அதைச் சொல்ல நா எழவில்லை. ஒரு நாள் நான் யாரென்று தெரியாத வேறொரு கோயிலுக்குப் போனேன். முழங்கால் பலகையின் தோல் உறை நடுவில் கிழிந்து பஞ்சு தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வயதான குரலில் ஒரு இருமல். "சாமி, ஒன்பது வருஷம் ஆச்சு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கஷ்டமானத முதல்ல சொல்லிடுங்க, மிச்சம் தானா வரும்" என்றார். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒன்பது வருடம் நான் தூக்கிச் சுமந்ததை அவர் இதற்கு முன் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்கு நூறு முறை சொல்லிக்கொடுத்தது, "சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கி இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. அவர் வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார், நான் பின்னால் சொன்னேன், என் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்றைப் போல. பரிகாரமாக ஒரே ஒரு பரலோக மந்திரம், மெதுவாகச் சொல்லச் சொன்னார்.

அதனால் மந்திரம் மறந்துவிட்டதே என்று காத்திருக்காதீர்கள், பட்டியலை நினைவிலிருந்து எடுக்க முடியவில்லை என்றால் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பிறகு கிழித்துப் போட்டுவிடுங்கள். கூட்டமில்லாத நாளாகப் பாருங்கள். சொந்தப் பங்கில் கூச்சமென்றால் வேறு பங்குக்குப் போங்கள், அதில் தவறே இல்லை. ஒருவேளை உள்ளே இருப்பவர் எரிந்து விழுபவராக இருந்துவிட்டால், அப்படியும் சிலர் உண்டு, அது அவருடைய குறை, எழுந்து வந்து இன்னொருவரிடம் போங்கள். மண்டியிட்டதும் பதினான்கு வருடம் ஆச்சு என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வார்.